கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறீர்களா? தமிழ்த்துறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தமிழ் முதுகலை படிப்பவர்களையும், முனைவர் பட்ட ஆய்வில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட பக்கம் இது. வரலாறு, மொழியியல், நாட்டுப்புறவியல் மாணவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாணவர்களைக் கருத்தரங்குக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடியது ஒத்திகை பற்றிய பகுதி.

வகுப்பில் செமினார் எடுத்துப் பழக்கம் உண்டு. கருத்தரங்கும் அதே மாதிரிதானே?

மேடைக் கூச்சம் போவதற்கு வகுப்பு செமினார் உதவும். மற்றபடி இரண்டும் வேறு. வகுப்பில் உங்கள் எதிரே இருப்பவர்கள் அந்தப் பாடத்தை இன்னும் படிக்காதவர்கள்; நீங்கள் விளக்குகிறீர்கள், அகமதிப்பெண் கிடைக்கிறது. கருத்தரங்கில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நூல் உங்களைவிட நன்றாகத் தெரியும். "ஐங்குறுநூறு எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று, 500 பாடல்களைக் கொண்டது, ஐந்து புலவர்கள் பாடியது" என்று ஆரம்பித்தால் அவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அந்த நூலில் நீங்கள் கவனித்தது என்ன, அதற்கு ஆதாரம் என்ன, அதை ஏற்கலாமா கூடாதா என்று பேசத்தான் அங்கே கூடுகிறார்கள். பேச்சு பாதி, கேள்வி நேரம் பாதி. நம் மாணவர்கள் முதல் பாதிக்கு மட்டுமே தயாராகிப் போகிறார்கள்.

எத்தனை நாள் முன்னால் தொடங்க வேண்டும்?

எட்டு வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். முதல் இரண்டு வாரம் மூலநூலை வாசித்துத் தலைப்பைச் சுருக்குவதற்கு. மூன்றாவது வாரம் முன்னாய்வு தேடுவதற்கும் ஆய்வுச் சுருக்கத்துக்கும். அடுத்த மூன்று வாரம் கட்டுரைக்கு. கடைசி இரண்டு வாரம் பேச்சுக்கும் ஒத்திகைக்கும் மட்டும்.

நடைமுறையில் அழைப்பிதழ் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும்போது பத்து நாள்தான் இருக்கும். அதனால் அழைப்பிதழுக்காகக் காத்திருக்காமல், வகுப்பில் வாசிக்கும்போதே "இது ஏன் இப்படி?" என்று தோன்றுவதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அறிவிப்பு வரும் நாளில் தலைப்பு தேடிப் பதற வேண்டியிருக்காது.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பத்து நிமிடத்தில் பேசி முடிக்கக்கூடிய அளவுக்கு. "சங்க இலக்கியத்தில் பறவைகள்" என்பது ஒரு நூலுக்குப் போதும். பத்து நிமிடப் பேச்சாக்கினால் பறவைப் பட்டியல்தான் மிஞ்சும். அதையே படிப்படியாகக் குறுக்கிப் பாருங்கள். எட்டுத்தொகை முழுவதும் வேண்டாம், ஐங்குறுநூறு போதும். அதிலும் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு. அதிலும் வெள்ளாங்குருகுப் பத்து, 151 முதல் 160 வரை. இப்போது கையில் இருப்பது பத்தே பாட்டு. "வெள்ளாங் குருகின் பிள்ளை செத்தெனக் காணிய சென்ற மடநடை நாரை" என்று பத்துப் பாட்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. அதற்குப் பிறகு நாரை செய்வது பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. அந்த மாற்றத்துக்கும் பாட்டில் பேசுகிறவரின் மனநிலைக்கும் தொடர்பு உண்டா? "செத்தென" என்பதை "இறந்ததாக" என்று கொள்வதா, சங்கப் பாடல்களில் "செத்து" என்பது "ஒத்து, கருதி" என்ற பொருளிலும் வருவதால் "தன் குஞ்சு என்று கருதி" எனக் கொள்வதா? எப்படிக் கொண்டால் பத்துப் பாட்டின் தொனியும் எப்படி மாறும்? இவற்றில் ஏதாவது ஒரு கேள்வி போதும், கட்டுரை பிறந்துவிடும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று. உங்கள் தலைப்பைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ ஒருவர் உங்களோடு வாதாட முடிந்தால் அது ஆய்வுத் தலைப்பு. "அப்படியா" என்று மட்டும் சொல்ல முடிந்தால் அது தொகுப்பு.

ஆய்வுச் சுருக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

பெரும்பாலான அழைப்பிதழ்கள் 200 அல்லது 250 சொல் கேட்கும். அதில் கேள்வி, எந்தப் பனுவல் (எந்தப் பாடல்கள், எந்தப் பதிப்பு), எப்படி அணுகினீர்கள், என்ன கண்டீர்கள் ஆகிய நான்கும் வர வேண்டும். கண்டதைச் சொல்லாமல் விடுவதுதான் பொதுவான குறை. "இக்கட்டுரை ஆராய முற்படுகிறது", "விளக்க முனைகிறது" என்றே முடித்துவிடுகிறார்கள். முற்பட்டு என்ன ஆயிற்று என்பதுதான் தேர்வுக் குழுவுக்கு வேண்டும்.

இன்னொரு வழக்கம், முதல் எண்பது சொல்லைத் தமிழின் தொன்மைக்கும் செம்மொழிப் பெருமைக்கும் கொடுத்துவிடுவது. கல்லும் மண்ணும் தோன்றிய கதையைத் தேர்வுக் குழு ஏற்கெனவே பல முறை படித்திருக்கிறது. அந்த எண்பது சொல்லை அப்படியே வெட்டிவிட்டு மீதியைப் படியுங்கள், ஒன்றும் குறையாது.

ஐந்து திறவுச்சொல் கேட்டால் "தமிழ்", "இலக்கியம்", "ஆய்வு" என்று கொடுக்காதீர்கள். நெய்தல், ஐங்குறுநூறு, உள்ளுறை, அம்மூவனார் போலத் தேடுபவருக்கு வழி காட்டும் சொற்களைக் கொடுங்கள்.

இதே தலைப்பில் ஏற்கெனவே யாராவது எழுதியிருப்பார்களா? எங்கே தேடுவது?

நிச்சயம் பக்கத்திலாவது எழுதியிருப்பார்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா தளத்தைப் பாருங்கள். தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேட வேண்டும், ஏனென்றால் பல ஆய்வேடுகள் ஆங்கில ஒலிபெயர்ப்பில்தான் பதிவாகியிருக்கின்றன. பழைய நூல்கள், இதழ்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிமங்களாகக் கிடைக்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் மூலநூல்களைச் சொல் தேடலாம். ஆனால் மேற்கோள் காட்டும்போது அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுவிடுங்கள். சென்னைக்குப் போக முடிந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவன நூலகமும், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன. கல்லூரி அடையாள அட்டையும் துறைத்தலைவரின் கடிதமும் கொண்டு போனால் எங்கும் சிரமம் குறையும்.

அடிக்கடி மறந்துபோகும் இடம் உங்கள் துறை அலமாரியிலேயே இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றம் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த ஆய்வுக்கோவைத் தொகுதிகள், அதாவது கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகள்தாம் அவை. தூசு தட்டி, பொருளடக்கத்தை மட்டுமாவது புரட்டுங்கள். முன்பே ஒருவர் எழுதியிருந்தால் கைவிட வேண்டியதில்லை. "இவர் இதுவரை சொன்னார், நான் இங்கிருந்து தொடர்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்தால் கட்டுரைக்குப் பலம்.

எழுதும் கட்டுரை எவ்வளவு நீளம்? சான்று எப்படிக் கொடுப்பது?

ஆய்வுக்கோவைக்குப் பொதுவாக ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, ஐந்து அல்லது ஆறு பக்கம் கேட்பார்கள். அந்த அளவில் ஒரு பக்கத்துக்கு 200 முதல் 250 சொல் பிடிக்கும். ஆக மொத்தம் சுமார் 1300 சொல். முன்னுரை அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

சான்றில் பதிப்பைச் சொல்லாமல் விடாதீர்கள். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் பதிப்பித்தார், உ.வே.சாமிநாதையர் பதிப்பு 1937இல் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு பாடம் (பாட்டின் சொல்வடிவம்) மாறும், உரை மாறும். "குறுந்தொகை, ப. 45" என்று மட்டும் எழுதினால் எந்த நூலின் 45ஆம் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? பாடல் எண், அடி எண், பதிப்பாசிரியர், ஆண்டு நான்கும் வேண்டும். உரையிலிருந்து எடுத்த கருத்தைப் பாட்டின் கருத்தாகவே எழுதிவிடுவதும் பெரிய பிழை. உரைகாரர் சொன்னது உரைகாரர் சொன்னதாகவே நிற்கட்டும்.

பிறர் எழுத்தோடு எத்தனை விழுக்காடு ஒப்புமை வரலாம்? செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை, 40க்கு மேல் 60 வரை, 60க்கு மேல் என்று மூன்று படிகள் உண்டு. ஆய்வேட்டில் முதல் படி என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். இரண்டாம் படிக்கு ஓராண்டு தடை. மூன்றாம் படிக்குப் பதிவே ரத்தாகும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது.

தமிழ்ப் பனுவலுக்கு மென்பொருள் சொல்லும் எண்ணை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அச்சில் மட்டும் இருக்கும் நூலிலிருந்து எடுத்ததை அது கண்டுபிடிக்காது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் நூலாசிரியரின் மாணவர் கண்டுபிடிப்பார்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கேட்டால் அது சங்கப் பாடல் எண்ணைத் தயங்காமல் சொல்லும், அந்த எண்ணில் வேறு பாட்டு இருக்கும். சில நேரம் இல்லாத பாட்டையே இயற்றித் தரும். எழுதப்படாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் கொடுக்கும். மேற்கோள் ஒவ்வொன்றையும் அச்சு நூலில் கண்ணால் பார்த்த பிறகுதான் கட்டுரையில் வைக்க வேண்டும். பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், கேள்வி நேரத்தில் கேட்டவரிடமே காட்டலாம்.

எழுதிய கட்டுரையை அப்படியே வாசித்தால் போதாதா?

கணக்கே இடம் கொடுக்காது. பொறுமையாகப் புரியும்படி வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல்தான் ஓடும். 1300 சொல் கட்டுரைக்கு 13, 14 நிமிடம் ஆகும். உங்களுக்குத் தருவது பத்து நிமிடம், அதில் இரண்டு கேள்விக்கு. மிஞ்சுவது எட்டு நிமிடம், 750 சொல். நான்கடிப் பாட்டு ஒன்றைச் சீர் பிரித்து வாசித்து விளக்க ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும் என்பதால் மூன்று பாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடமும் உறுதியில்லை. பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய தொடக்க விழா பதினொன்றுக்குத் தொடங்கும். பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை எல்லாம் முடிய பன்னிரண்டாகும். ஒரு அமர்வுக்குப் பன்னிரண்டு கட்டுரை. உங்கள் முறை வரும்போது அமர்வுத் தலைவர் "ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்" என்பார். அவர் மேல் தவறில்லை, அவருக்கும் சாப்பாட்டு மணி நெருங்குகிறது.

எனவே மூன்று அளவில் பேச்சைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடப் பேச்சில் கேள்வி, முன்னாய்வு ஒரு வரி, மூன்று சான்று, முடிவு. ஐந்து நிமிடப் பேச்சில் முன்னாய்வு போய்விடும், சான்று ஒன்றரை ஆகும்: ஒன்றை விளக்கி, இன்னொன்றின் எண்ணை மட்டும் சொல்வீர்கள். இரண்டு நிமிடப் பேச்சில் கேள்வி, முடிவு, மிக வலுவான ஒரே சான்று. ஐந்து நிமிடம் என்றதும் எட்டு நிமிடத்துக்கானதை வேகமாக வாசிப்பவர்கள் முன்னுரையிலேயே மணி அடிக்கப்பட்டு இறங்குகிறார்கள். முடிவுரையை அவையில் யாரும் கேட்பதே இல்லை.

ஸ்லைடு தேவையா? என் எழுத்துரு அங்கே கட்டம் கட்டமாகத் தெரிந்தால்?

படம், வரைபடம், கல்வெட்டுப் படி, அட்டவணை இருந்தால் தேவை. பாட்டை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றாலும் பயன்படும். பேசப்போவதையே சுவரில் போட்டுத் திரும்பி நின்று வாசிப்பதற்கு வேண்டாம். எட்டு நிமிடத்துக்கு ஆறு ஸ்லைடு தாராளம். எழுத்து 28 புள்ளிக்குக் குறையாமல், ஒரு ஸ்லைடுக்கு ஒரே பாட்டு, அடி முறியாமல் வைக்க வேண்டும்.

எழுத்துருச் சிக்கலுக்குக் காரணம் எளியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அரங்கக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வெளியே வந்துவிடும். ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. விண்டோஸில் நிர்மலா தயாராகவே இருக்கும். எதிலே செய்திருந்தாலும் பிடிஎஃப் படியையும் சேர்த்து எடுத்துப் போங்கள். பென் டிரைவில் ஒன்று, உங்கள் மின்னஞ்சலில் ஒன்று. முந்தைய இடைவேளையிலேயே அரங்கக் கணினியில் ஏற்றித் திறந்து பார்த்துவிடுங்கள். மின்சாரம் போனாலும் பேசத் தெரிய வேண்டும் என்பது தனி.

ஒத்திகை எப்படிப் பார்ப்பது?

மூன்று தடவை, மூன்று விதமாக. முதல் தடவை தனியாக, நின்றுகொண்டு, கைப்பேசியில் பதிவு செய்து. உட்கார்ந்து மனத்துக்குள் வாசித்தால் எட்டு நிமிடப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிவது போல் ஏமாற்றும். பதிவைக் கேட்கும்போது ல, ள, ழ பிசகும் இடங்களையும், மூச்சு முட்டும் நீள வாக்கியங்களையும் குறித்து, அந்த வாக்கியங்களை இரண்டாக வெட்டுங்கள். கட்டுரைக்கு எழுதிய "எனலாம்", "என்பது கண்கூடு" எல்லாம் பேச்சில் உதிர்ந்தால் நல்லது.

இரண்டாம் தடவை நான்கைந்து நண்பர்கள் முன்னால். ஒருவர் வேறு துறை மாணவராக இருக்கட்டும்; அவருக்குப் புரியாத இடம்தான் உங்கள் வாதத்தில் படி விட்டுப்போன இடம். இன்னொருவருக்கு ஒரே வேலை: எதையும் ஒப்புக்கொள்ளாமல் மறுத்துக்கொண்டே இருப்பது. ஐந்தாவது நிமிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மணி அடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் தடவை துறையில், நெறியாளர் முன்னால், மைக் வைத்து. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரற்கடை இடைவெளி. தலையைத் திருப்பினால் குரல் போய்விடும் என்பதை அன்றே பழகிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த ஒத்திகையில் மாணவர் பேசுவதை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். முடிக்கவிட்டு, பிறகு கேள்வியாகக் கேளுங்கள். திருத்தம் வாங்கிப் பழகியவருக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வராது.

கேள்வி கேட்டால் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது?

பெரும்பாலும் பதில் தெரியாமல் தடுமாறுவதில்லை. கேள்வியை முழுதாகக் கேட்காமல் பதற்றத்தில் பாய்வதால்தான் தடுமாற்றம். ஒரு தாளில் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி நீளமாக இருந்தால் "நான் புரிந்துகொண்டது இது, சரிதானா ஐயா?" என்று ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். அதற்குள் மனம் நிலைக்கு வந்துவிடும்.

வரக்கூடிய கேள்விகளை முன்பே ஊகிக்கலாம். ஏன் இந்தப் பத்துப் பாட்டு மட்டும்? இந்தச் சொல்லுக்கு வேறு பாடம் உண்டே? உரைகாரர் வேறுவிதமாகச் சொல்கிறாரே? இன்ன கோட்பாட்டை இந்தப் பாட்டுக்குப் பொருத்துவது தகுமா? இதில் புதிதாக என்ன இருக்கிறது? இந்த ஐந்துக்கும் முப்பது முப்பது வினாடியில் பதில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து கழிந்தது. உங்கள் கட்டுரையின் பலவீனமான இடம் எது என்று உங்களுக்கே தெரியும். அங்கேதான் முதல் கேள்வி விழும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் குறைவில்லை, ஆனால் அங்கேயே நிறுத்தாதீர்கள். "அந்தப் பாடத்தை நான் பார்க்கவில்லை. அப்படி ஒரு பாடம் இருந்தால் என் இரண்டாவது சான்று நிற்காது; முதல் சான்று நிற்கும்" என்பது நல்ல பதில். எதை விட்டுக்கொடுக்கிறீர்கள், எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்பது அதில் தெரிகிறது. "இது என் ஆய்வு எல்லைக்குள் இல்லை" என்று எடுத்த எடுப்பில் கதவை அடைப்பது எரிச்சலூட்டும். எல்லையை ஏன் அப்படி வகுத்தீர்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் அதே பதில் ஏற்புடையதாகிவிடும்.

சில பெரியவர்கள் கேள்வி என்று எழுந்து பத்து நிமிடம் சொற்பொழிவு ஆற்றுவார்கள். வாதாட வேண்டாம். அவர் சொன்னதில் உங்கள் கட்டுரையைத் தொடும் ஒரு புள்ளியை எடுத்து அதற்கு மட்டும் பதில் சொல்லி நன்றி கூறுங்கள். பின்வரிசையில் இருக்கும் உங்கள் நெறியாளரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் எழுந்து உங்களுக்காகப் பதில் சொன்னால் கட்டுரை யாருடையது என்ற சந்தேகம் வந்துவிடும்.

எனக்குக் கேள்வி கேட்க வராது. கேட்டே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் பார்வையாளராகப் போகும் முதல் ஆண்டு மாணவர் கருத்தரங்கில் கற்கக்கூடிய பெரிய பாடம் இதுதான். "மூத்தவர்கள் இருக்கும்போது நான் எப்படி?" என்ற தயக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பணிவாகக் கேட்பதற்கும் கேட்காமலே இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

முந்தின நாள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, சுருக்கத் தொகுப்பு கிடைத்தால் அவற்றின் சுருக்கங்களைப் படித்துவிடுங்கள். நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடிட்டுக்கொண்டு இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றியது. கேட்கும்போது இரண்டே வாக்கியம்: "நீங்கள் இன்ன பாட்டில் நாரை தலைவனைக் குறிக்கிறது என்றீர்கள். அடுத்த பாட்டிலும் அதே நாரை தலைவனைத்தான் குறிக்கிறதா அம்மா?" அரை நிமிடம். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். உங்கள் பெயர், கல்லூரி, நெறியாளர் பெயர் என்று நீண்ட அறிமுகம் தேவையில்லை. பெயரும் ஊரும் போதும்.

தவிர்க்க வேண்டியவை சில. கட்டுரையில் சொல்லியதையே மறுபடி கேட்பது. எழுத்துப்பிழையை அவையில் சுட்டுவது. தேநீர் இடைவேளையில் காதோடு சொல்லலாம். "ஏன் திருக்குறளைச் சேர்க்கவில்லை?" என்பது போல எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் கேள்வி. எதிராளியைத் திணறடிக்க வேண்டும் என்று நூல் பெயர்களை அடுக்குவது.

கை நடுங்குகிறது, குரல் உடைகிறது. வழி உண்டா?

நடுக்கத்தை ஏ4 தாள் எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கும். உள்ளங்கை அளவு தடித்த அட்டை காட்டாது. குறிப்புகளை அட்டைகளில் எழுதி, எண் போட்டு, மூலையில் நூல் கோத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் போய்விடும்.

மேடையில் எல்லோரையும் பெயர் சொல்லி விளிக்க வேண்டாமா?

"அமர்வுத் தலைவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்" போதும். முதல்வர், செயலர், துறைத்தலைவர், ஒருங்கிணைப்பாளர் என்று ஒவ்வொருவராக விளித்தால் ஒன்றரை நிமிடம் போகும். அது தொடக்க விழாவிலேயே பலமுறை நடந்துவிட்டது.

எந்தக் கருத்தரங்குக்குப் போகலாம்? "பன்னாட்டு", "ஐஎஸ்பிஎன் எண்ணுடன்" என்றெல்லாம் போடுகிறார்களே?

"பன்னாட்டு" என்ற சொல்லுக்கு இணையத்தில் பத்து நிமிடம் வந்துபோகும் ஒரு வெளிநாட்டு விருந்தினர் போதும் என்று ஆகிவிட்டது. ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கான அடையாள எண், அவ்வளவுதான். இந்தியாவில் இதை ராஜாராம் மோகன்ராய் பெயரிலான தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. கட்டுரையை யாராவது படித்துத் தேர்ந்தார்களா என்பதற்கும் அந்த 13 இலக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பார்க்க வேண்டியவை வேறு. சுருக்கத்தை ஏற்றார்களா என்று சொல்வதற்கு முன்பே பணம் கட்டச் சொல்கிறார்களா? பொருள் ஒன்றா, அல்லது "தமிழ் இலக்கியமும் சமூகமும் அறிவியலும் பண்பாடும்" என்று எல்லாம் அடங்கியதா? ஒரு நாளில் எத்தனை கட்டுரை? நூறு கட்டுரைக்கு மூன்று அரங்கு என்றால் உங்கள் பங்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். முதல் முறை போகிறவருக்கு, இருபது பேர் பேசும் சிறிய துறைக் கருத்தரங்கு, இருநூறு பேர் பெயர் அச்சாகும் பெரிய மாநாட்டைவிடப் பயன் தரும்.

முனைவர் பட்டத்துக்கு இத்தனை கருத்தரங்கு என்று கட்டாயம் உண்டா?

மானியக் குழுவின் 2016 விதிமுறை ஆய்வேடு தருவதற்கு முன் ஒரு இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் வேண்டும் என்றது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வைத்திருக்கும் நிபந்தனை நீடிக்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டின் விதிமுறைப் பிரதியை ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கட்டுரையில் நெறியாளர் பெயரையும் சேர்க்க வேண்டுமா?

சிந்தனையிலோ எழுத்திலோ பங்கு இருந்தால் இணையாசிரியராகச் சேர்ப்பது முறை. வழிகாட்டியது மட்டும் என்றால் அடிக்குறிப்பில் நன்றி. இதைக் கட்டுரை அனுப்பிய பிறகு பேசினால் மனக்கசப்பு வரும், சுருக்கம் எழுதும்போதே பேசிவிடுங்கள். இரண்டு பெயர் இருந்தால் இருவரும் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமா என்பதையும் அழைப்பிதழில் பாருங்கள்.

சான்றிதழில் பெயர் தப்பாக வருகிறது. ஓ.டி. (கருத்தரங்குக்குப் போன நாளுக்கு வருகைப்பதிவு தரும் அனுமதி) கிடைப்பதில்லை. என்ன செய்ய?

பதிவுப் படிவத்தில் நீங்கள் தட்டச்சு செய்ததுதான் சான்றிதழில் ஒட்டப்படுகிறது. முதலெழுத்து, புள்ளி, கட்டுரைத் தலைப்பு மூன்றையும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி வேறொரு கோப்பில் தட்டி வைத்து அங்கிருந்து ஒட்டுங்கள். ஓ.டி.க்கு ஏற்புக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். போய் வந்த பிறகு சான்றிதழைக் காட்டிக் கேட்டால் வருகைப்பதிவு ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும்.

வாசித்து முடித்தாகிவிட்டது. அந்தக் கட்டுரையை அப்புறம் என்ன செய்வது?

அன்று இரவே, மறப்பதற்கு முன், வந்த கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும், சொல்லியிருக்க வேண்டிய பதில்களையும் எழுதிவிடுங்கள். அதே கட்டுரையைத் தலைப்பு மாற்றி இன்னொரு கருத்தரங்குக்கு அனுப்பாதீர்கள். ஆய்வுக்கோவையில் அச்சானதை அப்படியே இதழுக்கு அனுப்பினால் அது உங்களிடமிருந்து நீங்களே திருடியதாகக் கணக்கு. அடுத்த பத்தையும் எடுத்துக்கொண்டு (வெள்ளாங்குருகுக்குப் பக்கத்திலேயே சிறுவெண்காக்கைப் பத்து இருக்கிறது), கேள்வி கேட்டவர் சுட்டிய பாடத்தையும் பார்த்துவிட்டு, விரிவாக எழுதி அனுப்பலாம். முந்தைய வடிவம் எங்கே வாசிக்கப்பட்டது என்று முதல் பக்க அடிக்குறிப்பில் குறிப்பிடுங்கள். கேள்வி கேட்டவரின் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ தேநீர் வரிசையில் வாங்கியிருந்தால், திருத்திய படியை முதலில் அவருக்கு அனுப்புங்கள்.